ஓசை அடங்கிய வண்டி

மனிதன் தன் தொழிலைக் கையால் செய்கிறான் என்று சொல்லிக்கொண்டாலும், அதில் பாதியைக் காதால்தான் செய்கிறான். கடுகு வெடித்து ஓய்ந்ததைக் கேட்டே இல்லத்தரசி அடுத்த பொருளை வாணலியில் இடுகிறாள். தோசைக்கல்லில் விழும் மாவின் சீற்றமே கல் காய்ந்த செய்தியைச் சொல்லிவிடுகிறது. வகுப்பறைக்கு இருபது அடி தொலைவில் வரும்போதே, உள்ளே எழும் இரைச்சல் ஆர்வத்தின் இரைச்சலா, சண்டையின் இரைச்சலா என்பதை ஆசிரியர் அறிந்துகொள்கிறார். நெடுநாள் பழகிய அந்தக் காதுக்கு இனி வேலையில்லை என்று ஒருநாள் சொல்லப்பட்டால், அவர் நிலை என்னவாகும்?

தாப்பாவில் வாழும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவருக்கு அந்நிலை வாய்த்தது. 1973ஆம் ஆண்டில், பீடோர் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் அவர் பணியைத் தொடங்கியபோது, அவரிடம் இருந்தது ஒரு மிதிவண்டி. பின்னர் 1980களின் இறுதியில் ஒரு புரோட்டோன் சாகா கார் வாங்கினார். முப்பதாண்டுகளுக்கும் மேலாக அந்தக் காரே அவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் கால்களாக இருந்தது. முன்மூடியைத் திறந்தால் எது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. ஆயினும் இயந்திரத்தின் குரல் சற்றே உயர்ந்தால் அவர் கை தானாகவே கியரை மாற்றும். குரல் கரகரத்தால் பட்டறைக்குப் போகவேண்டும் என்று பொருள். குரல் நின்றால் வண்டி நின்றது என்று பொருள். இந்த மூன்று விதிகளைக் கொண்டே அவர் ஒரு வாழ்நாளை ஓட்டிவிட்டார்.

மூன்றாண்டுகளுக்கு முன்னர் பழைய கார் ஓய்ந்தது. தலைநகரில் பணியாற்றும் மகன், ‘ஹைப்ரிட்’ என்று மக்கள் வழங்கும் இருவிசைக் கார் ஒன்றைத் தந்தைக்கு வாங்கித் தந்தார். ஆசிரியரின் துணைவியாருக்குக் கண்ணில் ஒரு நோய். மாதந்தோறும் ஈப்போ மருத்துவமனைக்குச் சென்று வரவேண்டும். தாப்பாவிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். எண்ணெய்ச் செலவும் குறையும், பயணமும் இதமாக இருக்கும் என்பது மகனின் எண்ணம்.

வண்டியை ஒப்படைத்த நாளில், விற்பனை நிலையத்து இளைஞர் அரைமணி நேரம் விளக்கினார். மின்மோட்டார், மின்கல அடுக்கு, ஆற்றல் மீட்பு என்று சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் அவர், “புரிந்ததா, ஐயா?” என்று பணிவோடு கேட்டார். ஆசிரியரும் ஒவ்வொரு முறையும், “புரிந்தது” என்று தலையை அசைத்தார். உண்மையில் அவருக்கு எதுவும் புரியவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர்க்குப் பாடம் சொன்னவர், இருபத்தைந்து வயது இளைஞரிடம், ‘மீண்டும் சொல்லுங்கள்’ என்று எப்படிக் கேட்பார்? மகன் பக்கத்தில் நிற்கிறார். வரிசையில் அடுத்தவர் காத்திருக்கிறார். தலையசைப்பதே எளிதாக இருந்தது.

அந்தத் தலையசைப்பின் விலையை அவர் விரைவிலேயே செலுத்த நேர்ந்தது. ஒருநாள் காலைச் சந்தைக்குச் சென்றவர், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். இயந்திரத்தின் ஓசை இல்லை; ஆகவே வண்டி அணைந்துவிட்டது என்று கொண்டார். இறங்கும்போது வண்டி ‘பீப்’ என்று எழுப்பிய எச்சரிக்கையைப் பக்கத்து வண்டியின் ஓசை என்று எண்ணினார். கீரையும் மீனும் வாங்கித் திரும்பியபோது, ஆளில்லாத வண்டியின் இயந்திரம் தானே ஓடிக்கொண்டிருந்தது! சுற்றி நின்றோர் அவரையே பார்த்தனர். உண்மை யாதெனில், அவர் வண்டியை அணைக்கவே இல்லை. குளிர்சாதனத்துக்கு மின்சாரம் குறைந்தபோது, இயந்திரம் தானே விழித்து மின்கலத்தை நிரப்பத் தொடங்கியிருந்தது. இஃது அவருக்கு அன்று தெரியாது. தம் வண்டிக்குத் தம்மையன்றி இன்னொரு விருப்பம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

அதன்பின் அவர் வண்டியைத் தொடுவது குறைந்தது. அவ்வாண்டின் இறுதியில், கணவனும் மனைவியும் பேருந்தில் மகன் வீட்டுக்குச் சென்று மூன்று வாரம் தங்கினர். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால், விளக்குகள் மங்கலாக மினுக்கி மறைந்தன. வண்டி எழவில்லை. பல்லாயிரம் வெள்ளி பெறுமானமுள்ள பெரிய மின்கலம் செத்துவிட்டது என்றும், தம் அறியாமைதான் அதைக் கொன்றது என்றும் ஆசிரியர் முடிவு செய்துகொண்டார். இரண்டு இரவுகள் அவருக்கு உறக்கமில்லை. செய்தி கேட்ட மகன், “அப்பா, இனி நீங்கள் ஓட்டவேண்டாம். வண்டியை விற்றுவிடுவோம். அம்மாவை அழைத்துப்போக வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆயினும் அது தம் முதுமைக்கு எழுதப்பட்ட தீர்ப்பாகவே தந்தையின் காதில் விழுந்தது. நாள் தோறும் சிறிதுசிறிதாகப் பிறர் கையை எதிர்பார்க்கும் வாழ்வு தொடங்கிவிட்டதோ என்று அவர் கலங்கினார்.

பக்கத்து வீட்டார் ஒரு பட்டறைக்காரரை அழைத்து வந்தனர். வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். ஆசிரியரைக் கண்டதும், எண்ணெய்க் கறை படிந்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, “வணக்கம், ஐயா. நான் உங்கள் மாணவன்” என்றார். பின்னர், தம் வண்டியிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து இணைத்தார். பத்து நிமிடத்தில் கார் உயிர்பெற்றது.

ஆசிரியர் வியப்போடு, “பெரிய மின்கலம் சாகவில்லையா, தம்பி?” என்று கேட்டார்.

“அதற்கு ஒன்றும் இல்லை, ஐயா. உங்கள் வண்டியில் இரண்டு மின்கலங்கள் உண்டு. வண்டியை ஓட்டுவது பெரியது. அதை எழுப்பிவிடுவது 12 வோல்ட்டுச் சிறியது. நம் பள்ளியில் தலைமையாசிரியர் வந்துவிட்டாலும், சாவி வைத்திருக்கும் ஜாகா வரவில்லையென்றால் வாசல் திறக்காதல்லவா? அதுபோலத்தான். மூன்று வாரம் கேட்பாரற்றுக் கிடந்ததால் ஜாகா மயங்கிவிட்டார்.”

ஆசிரியர் சிரித்துவிட்டார். சிரிப்போடு சிரிப்பாக அவர் மனச்சுமையும் இறங்கியது. விற்பனை நிலையத்தில் அரைமணி நேரம் கேட்டும் விளங்காதது, ஒரு ஜாகாவின் துணையால் அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. அப்போதுதான் அவர், எவரிடமும் சொல்லாததை அந்த மாணவரிடம் சொன்னார்: “தம்பி, இந்த வண்டி எனக்குப் புரியவில்லை. புரிந்தது என்று பொய் சொல்லிவிட்டேன்.”

மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, குற்றியலுகரம் நடத்தியது நினைவிருக்கிறதா?” என்று கேட்டார்.

ஆசிரியருக்கு எப்படி மறக்கும்? அரை மாத்திரையாக ஒலி குறைந்த உகரத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிதன்று. ‘பசு’ என்பதில் உள்ள உகரத்துக்கும், ‘பாக்கு’ என்பதில் உள்ள உகரத்துக்கும் வேறுபாடு கேட்கிறதா என்று வினவினால், வகுப்பு முழுவதும் கேட்கிறது என்று தலையாட்டும். ஒருநாள் அவர் வேறு வழி கண்டார். இருவர் இருவராகப் பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் சொல்ல மற்றவர் அவர் உதட்டைப் பார்க்குமாறு செய்தார். ‘பசு’ என்று முடிக்கும்போது உதடு குவிகிறது. ‘பாக்கு’ என்று முடிக்கும்போது அவ்வாறு குவிவதில்லை.

“‘காதுக்குப் பிடிபடவில்லை என்றால் கண்ணால் பாருங்கள்’ என்று அன்று சொன்னீர்கள். எனக்கு இலக்கணத்தில் புரிந்தது அது ஒன்றுதான். இந்த வண்டியும் குற்றியலுகரம்தான், ஐயா. ஓசை குறைந்துவிட்டது; ஆனால் எழுத்து அழியவில்லை. இனிமேல் உதட்டைப் பாருங்கள்” என்று சொல்லி, மாணவர் ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் எரிந்த ஒரு பச்சைச் சொல்லைக் காட்டினார். ‘ரெடி’ என்பது அச்சொல். அது எரிந்தால் வண்டி விழித்திருக்கிறது. இயந்திரம் உறங்கினாலும் மிதியை அழுத்தினால் வண்டி நகரும். அது மறைந்தால்தான் வண்டி உறங்கிற்று. இறங்குமுன் அந்தச் சொல் மறைந்ததா என்று பார்த்தல் வேண்டும்.

மாணவர் அன்று அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். “புரிந்ததா?” என்று அவர் கேட்கவில்லை. “இப்போது நீங்கள் செய்து காட்டுங்கள், ஐயா” என்றார். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்துவதும், பச்சைச் சொல்லைக் காண்பதும், அணைப்பதும், மீண்டும் காண்பதுமாகப் பத்து முறை நடந்தது. மூடிய கொட்டகைக்குள் வண்டியை அறியாமல் விழிப்பில் விட்டுவிட்டால், இயந்திரம் தானே இயங்கி நச்சுப்புகையை நிரப்பக்கூடும். வெளிநாடுகளில் சாவியில்லாப் பொத்தான் வண்டிகளால் உயிர்கள் போனதுண்டு என்பதையும் அவர் சொன்னார். ஏன் என்று தெரிந்த விதி மறப்பதில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பாடம். ஒரே வண்டிக்கு இரண்டு விசைகள் எதற்கு என்று ஆசிரியர் கேட்டார். மாணவர் மாட்டு வண்டியிலிருந்து தொடங்கினார். இரண்டு காளைகளில் ஒன்று, நின்ற வண்டியைச் சட்டென்று இழுத்தெடுப்பதில் வலியது, அதுவே மின்மோட்டார். மற்றொன்று, ஒரே சீரான வேகத்தில் நெடுந்தூரம் நடப்பதில் வலியது. அதுவே பெட்ரோல் இயந்திரம். நகரத்து நெரிசலில் நின்று நின்று நகரும்போது பெட்ரோல் காளை வீணாகத் தீனி தின்னும். அப்போது அதை அமர்த்திவிட்டு மற்றதை நடக்கவிடுவதே இவ்வண்டியின் சூழ்ச்சி. எந்தக் காளை எப்போது இழுக்கவேண்டும் என்பதை வண்டியிலுள்ள கணினி தீர்மானிக்கிறது. ஆகவே இயந்திரம் திடீரென ஓய்ந்தாலும் திடீரென எழுந்தாலும் ஓட்டுநர் திடுக்கிட வேண்டியதில்லை.

“இதற்கு மின்சாரத்தை எங்கே போய் நிரப்புவது?” என்பது ஆசிரியரின் அடுத்த ஐயம். அதற்கு மாணவர் ஒரு கேள்வியையே விடையாகக் கொடுத்தார்: “தோட்டத்துச் சாலையில் இரவில் மிதிவண்டி ஓட்டினீர்களே, ஐயா, டைனமோவை டயரின்மேல் சாய்த்ததும் என்ன ஆயிற்று?”

“விளக்கு எரிந்தது.”

“மிதிப்பது?”

ஆசிரியர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். ஐம்பதாண்டுக்கு முந்திய இருட்டும், பால்மரக் காடும், முழங்கால் வலியும் அவர் நினைவில் வந்தன. “கனத்தது” என்றார். சொன்ன நொடியிலேயே அவர் முகம் மலர்ந்தது. மாணவர் மேற்கொண்டு விளக்கவேண்டிய தேவை எழவில்லை. “அப்படியென்றால் பிரேக்கை மிதிக்கும்போது, இந்த வண்டி தன் டைனமோவைச் சாய்க்கிறது. அந்தக் கனம் வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது, வீணாகும் வேகம் மின்சாரமாகிறது” என்று ஆசிரியரே சொல்லி முடித்தார். மோட்டாரே அப்போது டைனமோவாக மாறிப் பெரிய மின்கலத்தை நிரப்புகிறது. ஆகவே இவ்வகை வண்டியைச் சுவரில் செருகி நிரப்பவேண்டியதில்லை. தொலைவிலேயே தடையைக் கண்டு மெல்ல மெல்லப் பிரேக்கை அழுத்துவோருக்கு மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும். கடைசி நொடியில் ஓங்கி மிதிப்போருக்கு அதில் பெரும்பகுதி வெப்பமாகிப் போய்விடும்.

இவ்வெண்ணம் புதியதன்று என்பதையும் ஆசிரியர் பின்னர் படித்தறிந்தார். பெட்ரோல் இயந்திரத்தையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் இணைக்கும் முயற்சியை 1900ஆம் ஆண்டளவிலேயே ஃபெர்டினண்ட் போர்ஷே செய்து பார்த்தார். 1997ஆம் ஆண்டு திசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த தொயோத்தா பிரியுஸ், பேரளவில் உருவாக்கப்பட்ட முதல் இருவிசைக் காராகும். ‘பிரியுஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘முன்னதாக’ என்று பொருள். சொல்லாராய்ச்சியில் நாட்டமுடைய ஆசிரியருக்கு இச்செய்தி, வண்டியோடு ஓர் உறவையே உண்டாக்கிவிட்டது.

மூன்றாம் பாடம் பராமரிப்பு. நெடுநாள் வெளியூர் செல்வதாயின், சிறிய மின்கலம் சோராதவாறு யாரேனும் வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் வண்டியை ஓட்டச் செய்யவேண்டும். பின்னிருக்கையை ஒட்டியுள்ள காற்றுத்துளை, பெரிய மின்கலம் மூச்சுவிடும் மூக்கு. அதன்மேல் தலையணையோ துணிப்பையோ வைத்தலாகாது. “நான்தான் தலையணை வைத்தேன்” என்று துணைவியார் உள்ளிருந்து குரல் கொடுத்தார். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் ஓடும். பயிற்சியில்லாதவர் அவற்றைத் தொடுதல் கூடாது. வெள்ளத்தில் அகப்பட்ட வண்டியை உயிர்ப்பிக்க முயலாமல் பட்டறையை அழைக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் ஆசிரியர் ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டார். அங்கே ஓர் இடர் தோன்றிற்று. வண்டியை நிறுத்திவைக்கும் நிலைக்கு ஓர் ஆங்கில எழுத்து. மலையிறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிக்கும் நிலைக்கு மற்றோர் ஆங்கில எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பி’தான்! ஆசிரியர் இரண்டையும் அடித்துவிட்டு, ஒன்றுக்கு ‘நிறுத்தம்’ என்றும், மற்றதற்கு ‘இறக்கம்’ என்றும் பெயரிட்டார். பிறர் கொடுத்த பெயரை மனப்பாடம் செய்வதைவிட, பயனறிந்து தானே பெயரிட்ட பொருள் நெஞ்சில் நிலைக்கும் என்று மாணவர்களுக்கு அவர் சொன்னதுண்டு. இப்போது அதைத் தமக்கே செய்துகொண்டார்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றும் நேர்ந்தது. சந்தைச் சந்தில் மெதுவாகச் சென்றபோது, முன்னே நடந்த மூதாட்டி ஒருவர் விலகவே இல்லை. மெல்லிய ஓசையுடன் வந்த வண்டி அவர் காதுக்கு எட்டவில்லை. ஆசிரியர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். ஓசையின்மை தம்மை மட்டுமன்றித் தெருவில் நடப்போரையும் ஏமாற்றும் என்பது அவருக்கு அன்று உறைத்தது. குறிப்பாகப் பார்வையற்றோருக்கு வண்டியின் ஓசையே வழிகாட்டி. அதனால்தான் இத்தகைய வண்டிகள் குறைந்த வேகத்தில் செயற்கையாகவேனும் ஓர் ஒலியை எழுப்பவேண்டும் என்ற ஒழுங்குவிதியை ஐக்கிய நாட்டு அமைப்பின் வழியே 2016இல் வகுத்தார்கள். ஆயினும் விதியைக் காட்டிலும் பொறுமையே பாதுகாப்பு என்று கருதிய ஆசிரியர், பள்ளி வாயிலைக் கடக்கும்போது நடைவேகத்தில் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டார்.

இறுதித் தேர்வு கேமரன் மலையில் நடந்தது. துணைவியாரின் தங்கை தானா ராத்தாவில் இருக்கிறார். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலை வளைவுகளால் ஆனது. மாணவர் பின்னிருக்கையில் அமர்ந்தார். முன்னரே அவர் ஒன்றைச் சொல்லியிருந்தார்: “நெடிய இறக்கத்தில் மின்கலம் நிறைந்துவிடும், ஐயா. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்ற முடியாது. அப்போது டைனமோவின் பிடி தளரும். பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடாகும். இறக்கத்துக்குரிய நிலையில் போட்டால், இயந்திரம் வண்டியைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கும். அப்போது பெரிதாக இரையும், அஞ்சவேண்டாம்.”

ரிங்லட் கடந்து சில வளைவுகள் சென்றதும், மின்கலத்தின் கட்டங்கள் பலகையில் நிறைந்தன. ஆசிரியர் அதைக் கண்டார். எவரும் சொல்லாமலே அவர் கை சென்று, கியரை ‘இறக்கம்’ என்னும் நிலைக்கு மாற்றியது. மறுகணம் இயந்திரம் குரலெடுத்து உறுமியது. பழைய காரை இரண்டாம் கியரில் போட்டு மலை இறங்கிய காலத்தில் கேட்ட அதே குரல்! துணைவியார் அச்சத்தோடு கணவர் முகத்தைப் பார்த்தார். அவரோ புன்னகை செய்தார். கண்ணால் கற்ற பாடத்தைக் காது வந்து உறுதிசெய்தது.

மலையடிவாரத்தில் தேநீர் அருந்தியபோது ஆசிரியர் கேட்டார்: “தம்பி, உண்மையைச் சொல். அன்று என் வகுப்பில், புரியாமலே தலையாட்டியவர் எத்தனை பேர்?”

மாணவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தவாறு, “பாதிப் பேர் இருப்போம், ஐயா” என்றார்.

அதன்பின் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. அந்தப் பாதிப் பேரில் எத்தனை பேர், ‘புரியவில்லை’ என்ற ஒரு சொல்லைச் சொல்லத் துணியாமல் படிப்பையே விட்டிருப்பார்கள் என்று ஆசிரியர் எண்ணியிருக்கலாம். ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு மாணவன் தரும் விடை, பல வேளைகளில் அறிவிலிருந்து வருவதில்லை, வெட்கத்திலிருந்து வருகிறது. இதை அறிந்துகொள்ள அவருக்கு முப்பத்தைந்து ஆண்டுப் பணியும், அதற்குமேல் ஒரு புதிய காரும் தேவைப்பட்டன.

அடுத்த மாதம் அவர் துணைவியாரைத் தாமே ஈப்போவுக்கு அழைத்துச் சென்றார். வண்டியை விற்கும் பேச்சை மகன் மீண்டும் எடுக்கவில்லை. இன்றும் சனிக்கிழமை மாலைகளில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐவர் அவர் வீட்டு முன்றிலில் தமிழ் இலக்கணம் படிக்க வருகின்றனர். ஓசையடங்கிய அந்த வண்டி பக்கத்திலேயே நிற்கிறது. பாடம் முடிந்ததும் அவர், “புரிந்ததா?” என்று கேட்பதில்லை. சுண்ணக்கட்டியைப் பிள்ளைகளிடம் நீட்டி, “எங்கே, எனக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்கிறார்.